ரேடியோ வால்வுக்குள் ஒரு கம்பி மதகு!

பழைய வால்வு ரேடியோவைத் திருகியதும் பாட்டு வந்துவிடாது. அரை நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். முதலில் டயலில் விளக்கு எரியும். பின்பக்க அட்டையின் துளை வழியாக எட்டிப் பார்த்தால், கண்ணாடிக் குப்பிகள் நாலைந்து வரிசையாக நிற்பது தெரியும். ஒவ்வொரு குப்பியின் நடுவிலும் மங்கலான செந்நிற ஒளி எழும். பிறகு "உம்" என்று ஒரு முனகல். அதன் பின்னர்தான் செய்தியோ, கச்சேரியோ!

அந்தக் குப்பிகள்தான் வால்வுகள். 1950-களிலும் 1960-களிலும் வீட்டு ரேடியோ, பஞ்சாயத்து ரேடியோ, கல்யாண வீட்டு மைக் செட், சினிமாக் கொட்டகை ஒலிபெருக்கி ஆகிய எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்தவை அவையே.

வால்வுக்குள் தலைமுடி போன்ற மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் "கிரிட்". விரல் பட்டால் வளைந்துவிடும். ஆனால், அந்தக் கம்பியின் முனை எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வால்வு பாடும், அல்லது ஊளையிடும், அல்லது எரிந்து சாகும்.

இந்தக் கம்பியை முன்னிட்டு இரண்டு மேதைகள் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கோர்ட்டில் மோதிக்கொண்டார்கள். அது பெரிய கதை.

பல்பில் பிறந்தது

மின்சார பல்பு தயாரித்த எடிசனுக்கு 1880-களின் தொடக்கத்தில் ஒரு தலைவலி. பல்பின் உட்புறக் கண்ணாடி சில நாளில் கறுத்துப் போயிற்று. காரணம் கண்டுபிடிப்பதற்காக, பல்புக்குள் இழைக்குப் பக்கத்தில் ஓர் உலோகத் தகட்டையும் வைத்துப் பார்த்தார்.

அப்போது ஓர் அதிசயம் நடந்தது. தகடு இழையைத் தொடவில்லை. நடுவில் வெற்றிடம். இருந்தும், தகட்டை பாசிட்டிவ் பக்கம் இணைத்தால் மின்சாரம் தாவி ஓடியது. நெகட்டிவ் பக்கம் இணைத்தால் நின்றுவிட்டது!

ஏன் என்று எடிசனுக்கு விளங்கவில்லை. விளங்காததில் வியப்பில்லை. எலெக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதையே 1897-ல்தான் ஜே. ஜே. தாம்சன் காட்டினார்.

இன்று காரணம் தெரியும். உலோகம் செக்கச் சிவக்கக் காய்ந்தால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். எலெக்ட்ரான் நெகட்டிவ் குணம் கொண்டது. எதிரே இருக்கும் தகடு பாசிட்டிவாக இருந்தால் அதை நோக்கி ஓடும். தகடு நெகட்டிவாக இருந்தால் திரும்பிவிடும்.

1904-ல் லண்டன் பேராசிரியர் ஜான் ஆம்ப்ரோஸ் பிளெமிங் இதைக் கம்பியில்லாத் தந்திக்குப் பயன்படுத்தினார். மின்சாரத்தை ஒரே திசையில் விடுவதால் "வால்வு" என்று பெயர் வைத்தார். சைக்கிள் டியூப் வால்வு எப்படி? காற்று உள்ளே போகும், வெளியே வராது. அதே போலத்தான் இதுவும்.

ஆனால் பிளெமிங்கின் வால்வுக்கு ஒரு குறை. வந்த ஒலியைப் பெரிதாக்க அதனால் முடியாது.

குறுக்கே போட்ட கம்பி

அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் என்பவர் இருந்தார். அயோவா மாகாணத்தில் 1873-ல் பிறந்தவர். யேல் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பணத்துக்கும் புகழுக்கும் ஆலாய்ப் பறந்தவர் என்றும் சொல்லலாம்.

1906-ல் அவர் ஒரு காரியம் செய்தார். இழைக்கும் தகட்டுக்கும் நடுவில், இப்படியும் அப்படியும் வளைத்த ஒரு சிறு கம்பியை வைத்தார். நியூயார்க்கில் பல்பு செய்துவந்த மக்காண்ட்லெஸ் என்பவர்தான் இதையும் செய்து கொடுத்தார். மேல்நாட்டில் நெருப்பின்மேல் இறைச்சி வாட்டும் கம்பித் தட்டைப் போல் தோன்றியதால் அந்தக் கம்பிக்கு "கிரிட்" என்று பெயர் வந்தது. முழு வால்வுக்கு "ஆடியான்" என்று பெயர். 1908-ல் பேட்டண்டும் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பி எப்படி வேலை செய்கிறது என்பது அதை வைத்தவருக்கே சரியாகத் தெரியவில்லை! குப்பிக்குள் கொஞ்சம் வாயு இருந்தால்தான் ஆடியான் வேலை செய்யும் என்று அவர் பல ஆண்டுகள் நம்பினார். உண்மை இதற்கு நேர் எதிர்.

மதகு வேலை

கிரிட் செய்யும் வேலையை விவசாயிகள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஏரியில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. மதகுக்காரர் பலகையைக் கொஞ்சம் உயர்த்தினால் வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது. இறக்கினால் குறைகிறது. நூறு ஏக்கருக்குப் பாயும் தண்ணீரை ஒரு மனிதரின் கை கட்டுப்படுத்துகிறது.

வால்வில் இழைதான் ஏரி. (பிற்கால வால்வுகளில் இழையைச் சுற்றி ஒரு சிறு குழாய் இருக்கும். எலெக்ட்ரான்களை விடுவது அந்தக் குழாய்தான். அதற்குக் "கேதோடு" என்று பெயர்.) தகடுதான் வயல். நடுவில் நிற்கும் கிரிட் மதகு.

கிரிட்டுக்கு நெகட்டிவ் வோல்ட் கொடுத்தால், நெகட்டிவான எலெக்ட்ரான்களை அது பின்னுக்குத் தள்ளும். கூடுதலாகக் கொடுத்தால் ஓட்டமே நின்றுவிடும். குறைத்தால் கம்பிகளின் இடைவெளி வழியாகப் பாய்ந்து தகட்டுக்குப் போகும். கிரிட் கேதோடுக்கு மிக அருகில் இருப்பதால், அதில் ஏற்படும் ஒரு சிறு மாற்றம் தகட்டில் பெரிய மாற்றமாகத் தெரியும்.

ஆனால் மதகுக்கும் கிரிட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மதகுப் பலகையைத் தூக்கக் கை வலிக்கும். கிரிட்டுக்கோ சக்தியே வேண்டியதில்லை. கிரிட் நெகட்டிவாக இருக்கும்வரை ஒரு எலெக்ட்ரானும் அதில் ஒட்டுவதில்லை. ஆகவே அது மின்சாரத்தைச் செலவழிப்பதில்லை. மைக்கிலிருந்து வரும் மிக மெலிந்த மின்சாரம்கூட அதை ஆட்டிவைத்துவிடும்.

ரேடியோ மெக்கானிக்குகள் இதை வைத்து ஒரு சோதனை செய்வார்கள். முன்பகுதி வால்வின் கிரிட்டுக்குப் போகும் முனையை விரலால் தொடுவார்கள். உடனே ஒலிபெருக்கி "உர்ர்ர்" என்று உறுமும். வீட்டு மின்கம்பிகளிலிருந்து மனித உடம்பு வாங்கி வைத்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத மின்சாரமே அந்த உறுமல். (பழக்கம் இல்லாதவர்கள் இதைச் செய்து பார்க்கக் கூடாது. சில ரேடியோக்களில் அடித்தகட்டிலேயே ஷாக் அடிக்கும்.)

மைனஸ் 12½ வோல்ட்

கிரிட் எப்போதும் நெகட்டிவாக இருக்க வேண்டும் என்றால், எவ்வளவு நெகட்டிவ்?

ஒரு வால்வை எடுத்துக்கொள்ளலாம். 6வி6 என்ற பெயர் பழைய மெக்கானிக்குகளுக்கு மிகவும் பழக்கம். ஒலிபெருக்கியை ஓட்டுவதுதான் அதன் வேலை. தகட்டுக்கு 250 வோல்ட் கொடுக்கும்போது, கிரிட்டுக்கு மைனஸ் 12½ வோல்ட் கொடுக்க வேண்டும். அப்போது தகட்டில் 45 மில்லி ஆம்பியர் ஓடும்.

பாட்டு வரும்போது கிரிட் இந்த இடத்திலிருந்து மேலும் கீழும் ஆடும். மேலே போனால் பூஜ்யம் வரை. கீழே போனால் மைனஸ் 25 வரை. அந்த ஆட்டம் தகட்டில் பல மடங்காகி, 4½ வாட் ஒலியாக வெளியே வரும். ஒரு திண்ணை நிறைய ஆட்கள் உட்கார்ந்து கேட்க அது தாராளம்.

இந்த நெகட்டிவ் வோல்ட்டைக் கொடுப்பது எப்படி? ஆரம்ப கால ரேடியோக்களில் இதற்கென்றே தனி பாட்டரி இருந்தது. இழைக்கு "ஏ" பாட்டரி, தகட்டுக்கு "பி" பாட்டரி, கிரிட்டுக்கு "சி" பாட்டரி என்று மூன்று!

பிறகு வந்த வழி சாமர்த்தியமானது. கிரிட்டை 5 லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அடித்தகட்டோடு இணைத்தார்கள். அப்போது கிரிட்டில் பூஜ்யம் வோல்ட். கேதோடை 250 ஓம் ரெசிஸ்டர் வழியாக அடித்தகட்டோடு இணைத்தார்கள். வால்வில் ஓடும் மொத்த மின்சாரம் சுமார் 50 மில்லி ஆம்பியர். அது 250 ஓம் வழியாக ஓடும்போது கேதோடு 12½ வோல்ட் மேலே ஏறிவிடும். கேதோடு 12½ மேலே ஏறினால், கேதோடின் கண்ணுக்குக் கிரிட் 12½ கீழே நிற்கிறது. பாட்டரி இல்லாமலே மைனஸ் கிடைத்துவிட்டது!

நீல வெளிச்சம்

மறுபடியும் டி பாரஸ்டின் காலத்துக்குப் போகலாம்.

அமெரிக்க டெலிபோன் கம்பெனிக்கு அப்போது ஒரு கவலை. 1911-ல் நியூயார்க்கிலிருந்து டென்வர் வரைதான் கம்பியில் பேச முடிந்தது. அதற்கு மேல் குரல் தேய்ந்து போயிற்று. மேற்குக் கடற்கரையில் இருக்கும் சான்பிரான்சிஸ்கோ எட்டாக் கனி.

1912 அக்டோபரில் டி பாரஸ்ட் தம் ஆடியானை டெலிபோன் என்ஜினீயர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். மெல்லிய குரல் பெரிதாயிற்று. ஆனால் குரலைச் சற்று உயர்த்தியதும் குப்பிக்குள் நீல வெளிச்சம் நிறைந்தது. பேச்சு திணறி நின்றது.

அங்கே இருந்த ஹரால்டு ஆர்னல்டு என்ற இளம் விஞ்ஞானிக்குக் காரணம் பிடிபட்டது. நீல வெளிச்சம் குப்பியில் மிச்சமிருக்கும் வாயுவால் வருகிறது. வாயு இருக்கும்வரை மதகு ஒழுங்காகத் திறக்காது, மூடாது. அதை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டால்? ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் இர்விங் லாங்மூர் என்ற விஞ்ஞானியும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். டி பாரஸ்ட் எதைத் தேவை என்று நினைத்தாரோ, அதுதான் வியாதி!

1913-ல் டெலிபோன் கம்பெனி 50 ஆயிரம் டாலர் கொடுத்து, டெலிபோனுக்கு ஆடியானைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கிற்று. வாயுவை அகற்றிய வால்வுகள் டெலிபோன் பாதையில் வைக்கப்பட்டன.

1915 ஜனவரி 25-ந் தேதி நியூயார்க்கில் கிரகாம் பெல் டெலிபோனை எடுத்தார். சான்பிரான்சிஸ்கோவில் அவருடைய பழைய உதவியாளர் வாட்சன். 1876-ல் பக்கத்து அறையிலிருந்த வாட்சனைக் கூப்பிட்டதுதான் டெலிபோனில் பெல் பேசிய முதல் பேச்சு. இப்போதும் அதே போல "இங்கே வா" என்று கூப்பிட்டார். வர ஒரு வாரம் ஆகுமே என்று வாட்சன் பதில் சொன்னார்!

தகட்டிலிருந்து கிரிட்டுக்கு

அதே சமயத்தில் நியூயார்க்கில் ஒரு மாணவர் ஆடியானோடு இரவு பகலாக மல்லாடிக்கொண்டிருந்தார். பெயர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். கொலம்பியா பல்கலைக் கழகத்தில் படிப்பு. வீட்டுக் கொல்லையில் 125 அடி உயரக் கம்பம் நட்டு ஏரியல் கட்டிய ஆசாமி!

ஆடியானுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று அவர் ஒவ்வொரு இணைப்பிலும் மின்சாரத்தை அளந்து பார்த்தார். 1912-ல் ஒரு யோசனை பிறந்தது. தகட்டில் பெரிதாகி வரும் மின்சாரத்தில் ஒரு பகுதியை எடுத்து, திரும்பவும் கிரிட்டுக்கே கொடுத்தால்? அது மறுபடியும் பெரிதாகும். அதில் ஒரு பகுதி மறுபடியும் கிரிட்டுக்கு வரும். இப்படிச் சுற்றிச் சுற்றி, ஒரே வால்வு பல வால்வின் வேலையைச் செய்தது. கடல் தாண்டி வரும் கம்பியில்லாத் தந்தி கணீரென்று கேட்டது.

அளவுக்கு மேல் திருப்பிக் கொடுத்தால் வால்வு தானாகவே கூவத் தொடங்கும். மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே கொண்டுபோனால் "கூ" என்று கத்துகிறதே, அதே சங்கதிதான். அந்தக் கூவலையும் ஆர்ம்ஸ்ட்ராங் விடவில்லை. ரேடியோ அலையை உண்டாக்கும் கருவியாக அது மாறிற்று!

1913 ஜனவரி 31-ந் தேதி, தம் படத்துக்கு ஒரு நோட்டரியிடம் முத்திரை வாங்கி வைத்தார்.

கோர்ட்டுப் படி ஏறிய கம்பி

இந்த யோசனை தம்முடையது என்று டி பாரஸ்ட் வழக்காடினார். 1912 ஆகஸ்டிலேயே தம் சோதனைச் சாலையில் ஆடியான் கூவியதாக ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். அந்தக் கூவல் அப்போது அங்கே ஒரு தொல்லையாகத்தான் கருதப்பட்டது என்பது எதிர்த் தரப்பின் வாதம்.

வழக்கு கோர்ட்டுக்குக் கோர்ட்டு மாறியது. ஒரு கோர்ட்டில் ஆர்ம்ஸ்ட்ராங் ஜெயித்தார். மற்றொரு கோர்ட்டில் டி பாரஸ்ட் ஜெயித்தார். கடைசியில் 1934-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு டி பாரஸ்ட் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆனால் ரேடியோ என்ஜினீயர்களின் மனத் தீர்ப்பு வேறு. இதே கண்டுபிடிப்புக்காக அவர்கள் சங்கம் முன்பு ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு ஒரு பதக்கம் கொடுத்திருந்தது. தீர்ப்பு வந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க அவர் சங்கத்தின் கூட்டத்துக்கே போனார். சங்கம் வாங்க மறுத்துவிட்டது. பதக்கம் அவருக்கே உரியது என்று அறிவித்தது!

எப்.எம். ரேடியோவைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். அதற்காகப் பெரிய கம்பெனிகளோடு இன்னொரு நீண்ட வழக்கு. பணம் கரைந்தது. மனைவியும் பிரிந்து போனார். 1954-ல், நோட்டரி முத்திரை வாங்கிய அதே ஜனவரி 31-ந் தேதி இரவில், ஆர்ம்ஸ்ட்ராங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 63. அவருடைய மனைவி மரியன் வழக்குகளை விடாமல் நடத்தி, ஒவ்வொன்றாக வெற்றி கண்டார். கடைசி வெற்றி 1967-ல் வந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் இருந்து பார்க்கவில்லை.

மேலும் இரண்டு வலைகள்

ஆர்ம்ஸ்ட்ராங் வேண்டுமென்றே கம்பி போட்டுத் திருப்பி அனுப்பினார். ஆனால் கம்பியே போடாமலும் தகட்டிலிருந்து கிரிட்டுக்கு ஒலி கசியும்! இரண்டும் அருகருகே இருக்கும் உலோகங்கள் அல்லவா? அந்தக் கசிவால் வால்வுகள் நினைக்காத நேரத்தில் ஊளையிட்டன.

இதற்கு மருந்து, நடுவில் இன்னொரு கிரிட். திரை போல் மறைப்பதால் "ஸ்கிரீன் கிரிட்" என்று பெயர். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் ஷாட்கி என்ற விஞ்ஞானி இந்த வழியைக் கண்டார். முதல் கிரிட்டுக்கு நெகட்டிவ் என்றால், இதற்குத் தகட்டைப் போலவே நல்ல பாசிட்டிவ் வோல்ட்.

ஒரு நோய் தீர்ந்தது, இன்னொன்று வந்தது. வேகமாக வரும் எலெக்ட்ரான் தகட்டில் மோதும்போது, கல் விழுந்த குளத்தில் நீர் தெறிப்பது போல வேறு எலெக்ட்ரான்கள் தெறிக்கும். அவை பக்கத்தில் இருக்கும் ஸ்கிரீனுக்கு ஓடிவிடும். ஒலி கெடும். ஹாலந்து நாட்டில் பிலிப்ஸ் கம்பெனியைச் சேர்ந்த டெலகன் 1926-ல் மூன்றாவது கிரிட் ஒன்றை வைத்தார். அதைக் கேதோடோடு இணைத்துவிட்டால், தெறித்த எலெக்ட்ரான்களைத் தகட்டுக்கே விரட்டி அடிக்கும். கேதோடு, மூன்று கிரிட், தகடு என்று ஐந்து உறுப்பு ஆயிற்று. இதுதான் "பென்டோடு".

ஆக, மூன்று கிரிட்டுக்கும் மூன்று இடம். முதலாவது நெகட்டிவ். இரண்டாவது பாசிட்டிவ். மூன்றாவது கேதோடு. இதில் இடம் மாறினால் ஆபத்து.

ஈஎல்34 என்ற பெரிய வால்வில் மூன்றாவது கிரிட்டின் முனை தனியாக 1-ம் நம்பர் காலில் வருகிறது. அதை 8-ம் நம்பர் காலோடு, அதாவது கேதோடோடு, ஒரு துண்டுக் கம்பியால் இணைக்க வேண்டும். 6எல்6 என்ற வால்வின் சாக்கெட்டிலும் அதே எட்டுத் துளை. ஆகவே சிலர் 6எல்6-ஐப் பிடுங்கிவிட்டு ஈஎல்34-ஐச் செருகிவிடுகிறார்கள். அந்த சாக்கெட்டில் 1-ம் நம்பர் முனை பெரும்பாலும் வெறுமனே கிடக்கும். மூன்றாவது கிரிட் அந்தரத்தில் தொங்கும். போதாக்குறைக்கு, ஈஎல்34-ன் இழைக்கு 1½ ஆம்பியர் வேண்டும். 6எல்6-க்கு ஓர் ஆம்பியருக்கும் குறைவு. வால்வு பொருந்திவிட்டது என்பதற்காக இணைப்பும் பொருந்திவிட்டது என்று நினைக்கக் கூடாது.

ஒரே வால்வு, மூன்று குரல்

இரண்டாவது கிரிட்டின் முனையை மட்டும் இடம் மாற்றி, ஒரே வால்வை மூன்று விதமாகப் பாட வைக்கலாம்.

அதற்கு நிலையான பாசிட்டிவ் வோல்ட் கொடுத்தால், சத்தம் அதிகம். ஆனால் கொஞ்சம் கரடுமுரடு. பொதுக்கூட்டத்துக்கு அது போதும்.

அதைத் தகட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டால், மூன்று கிரிட் வால்வு டி பாரஸ்டின் பழைய வால்வு போல ஆகிவிடும். சத்தம் ஏறக்குறைய பாதியாகும். குரலோ தெளிவாகிவிடும். இங்கிலாந்தில் வில்லியம்சன் என்ற என்ஜினீயர் 1947-ல் இப்படிக் கட்டிய 15 வாட் ஒலிபெருக்கிக் கருவியின் படத்தை ஒரு வயர்லெஸ் பத்திரிகையில் வெளியிட்டார். கேடி66 என்ற வால்வு இரண்டு வைத்தது. அதைப் பார்த்துப் பல நாடுகளில் ஆசைப்பட்டவர்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

மூன்றாவது வழி இரண்டுக்கும் நடுவில். தகட்டிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகும் வழியில் ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு. அதன் சுற்றில் சுமார் 43 சதவீத இடத்தில் ஒரு கம்பியை வெளியே எடுத்து, ஸ்கிரீன் கிரிட்டை அங்கே இணைப்பார்கள். சத்தமும் அவ்வளவாகக் குறையாது, குரலும் கெடாது. அமெரிக்காவில் ஹாப்லர், கெரோஸ் என்ற இருவர் 1951-ல் இதைப் பிரபலப்படுத்தினார்கள். ஆனால் 1937-லேயே இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் இதற்கு பேட்டண்ட் கேட்டிருந்தார். இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் கேட்கும் ஸ்டீரியோ முறையைக் கண்டவரும் அவரே. 1942-ல், போர்க் காலத்தில், ராடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து மாண்டார். அப்போது வயது 38.

ஒரே வால்வு. ஒரே மின்சாரம். மாறியது ஒரு கம்பியின் முனை மட்டும்!

கெட்ட ஒலிக்கும் கிராக்கி

முதல் கிரிட் பூஜ்யத்தைத் தாண்டி பாசிட்டிவ் ஆகிவிட்டால் என்ன ஆகும்? எலெக்ட்ரான்கள் தகட்டுக்குப் போகாமல் அதிலேயே ஒட்டத் தொடங்கும். பாட்டின் உச்சி வெட்டுப்படும். குரல் பிசிறும். சங்கீதம் கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வார்.

மின்சார கிட்டார் வாசிப்பவர்களுக்கோ இந்தப் பிசிறுதான் உயிர்! வேண்டுமென்றே கிரிட்டைத் திணற அடிக்கிறார்கள். டிரான்சிஸ்டர் வந்து வீட்டு ரேடியோவிலிருந்து வால்வுகள் மறைந்த பிறகும் ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் வால்வுத் தொழிற்சாலைகள் நடந்து வருவதற்கு முக்கியக் காரணம் கிட்டார்காரர்களும், பழைய முறை ஒலியில் பிரியம் உள்ளவர்களும்தான்.

தகடு சிவந்தால்...

கிரிட் பாசிட்டிவ் ஆவது கிட்டார்காரருக்கு விளையாட்டு. வீட்டு ரேடியோவுக்கு அதுவே எமன்.

6வி6-ஐ மறுபடியும் பார்க்கலாம். 250 வோல்ட், 45 மில்லி ஆம்பியர். பெருக்கினால் 11¼ வாட். அந்தத் தகடு தாங்கக்கூடிய சூடு 12 வாட். விளிம்பில்தான் நிற்கிறது! மைனஸ் 12½ இல்லாமல் போனால் மின்சாரம் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். தகடு அடுப்புக்கரி போலச் சிவக்கும். வால்வு போகும். சில சமயம் அதோடு டிரான்ஸ்பார்மரும் போகும்.

இதைச் செய்யும் குற்றவாளி பெரும்பாலும் ஒரு சின்னக் கண்டென்சர். முந்திய வால்வின் தகட்டுக்கும், 6வி6-ன் கிரிட்டுக்கும் நடுவில் அது இருக்கும். பாட்டை விடு, வோல்ட்டை விடாதே என்பதுதான் அதன் உத்தியோகம். பழைய கண்டென்சர்கள் மெழுகுக் காகிதத்தால் ஆனவை. பல ஆண்டு ஈரத்தில் அவை கசியத் தொடங்கும்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? ஓர் ஆம்பியரை 10 லட்சம் பங்கு போட்டு, அதில் 20 பங்கு போதும். 5 லட்சம் ஓம் ரெசிஸ்டரில் அது ஓடினால் கிரிட் 10 வோல்ட் பாசிட்டிவ் ஆகிவிடும். கேதோடு ரெசிஸ்டர் ஓரளவு ஈடுகட்டப் பார்க்கும். ஆனால் முழுக்க ஈடுகட்ட முடியாது.

தாத்தா காலத்து ரேடியோவைப் பரணிலிருந்து இறக்குபவர்கள் நேராக பிளக்கில் செருகிவிடுகிறார்கள். அரை மணி நேரம் பாடும். பிறகு புகை வரும்! அனுபவசாலி மெக்கானிக் அப்படிச் செய்வதில்லை. முதலில் அந்தக் காகிதக் கண்டென்சரை எடுத்துவிட்டு, அதே அளவில் புதியது போடுவார். செலவு சில ரூபாய்தான். மின்சாரம் வரும் வழியில் ஒரு 60 வாட் பல்பைச் சேர்ப்பார். உள்ளே ஏதாவது கெட்டிருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் பெரிய கண்டென்சர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும் என்பதால், அவற்றின் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்த பிறகே கை வைப்பார்.

பல்பு மங்கலாகவே இருந்தால் அதை எடுத்துவிடுவார். மின்சாரத்தை நேராகக் கொடுத்து, வால்வுகள் நன்றாகச் சூடாகும் வரை பொறுத்திருப்பார். பிறகு மீட்டரின் ஒரு முனையை அடித்தகட்டிலும், மறுமுனையை 6வி6 சாக்கெட்டின் 5-ம் நம்பர் காலிலும் வைப்பார். 5-ம் நம்பர்தான் முதல் கிரிட். முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பாசிட்டிவ் பக்கம் நகர்ந்தால், அணைத்துவிட்டு வால்வைப் பிடுங்கி, மறுபடியும் அளப்பார். முள் அப்படியே நின்றால் கண்டென்சர் கசிகிறது. பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் குற்றம் வால்வின் மேல். உள்ளே வாயு புகுந்திருக்கும்.

முள் அசையாமல் பூஜ்யத்தில் நின்றால், பின்பக்க அட்டையைத் திருகிவிட்டு டயலைத் திருப்பலாம்.